சூசைத்துறையின் எடை

ததேயுஸ் கொத்தனாரின் வீட்டு வாசல்கதவு ஒரு பங்குனி மாதக் காலையில் மூட மறுத்தது. வேறு யார் வீடாக இருந்தாலும் மரத்தின் மேல் பழியைப் போட்டு ஆசாரிக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள். ததேயுஸ் முப்பத்தைந்து வருடமாகச் சுவர் வைக்கிறவர். கதவை விட்டுவிட்டு நிலையைப் பார்த்தார். ரசமட்டத்தை எடுத்து நிலையின் மேல்கட்டையில் வைத்தார். குமிழ் நடுவில் நிற்காமல் வடக்கே போய் ஒண்டிக்கொண்டது. வீடு தெற்கே, கடலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

"ஏட்டி கிளாரா, இஞ்ச வந்து பாரு. இந்தக் குமிழ் நடுவுலயா நிக்குது?"

அவர் மனைவி மீன் கழுவிய கையோடு வந்து பார்த்தாள். "ஓரமால்லா நிக்குது. ரசமட்டம் பழசாயிட்டோ?"

"ரசமட்டம் பழசானா குமிழுக்கு நரைக்குமா? வீடுதான் சரிஞ்சு கெடக்கு."

சொல்லும்போதே அவருக்கு வாய் கசந்தது. சூசைத்துறையில் மொத்தம் எழுபத்தொரு வீடு. அதில் நாற்பத்துமூன்று அவர் கையால் கட்டியது. ஒரு கொத்தனாரின் சொந்த வீடே சரிந்தால் மற்ற நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் என்ன நினைப்பார்கள் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த வீட்டு ஜெஸ்பின் வாசலில் வந்து நின்றாள். ஆறு மாதக் கர்ப்பிணி. இடுப்பில் ஒரு கை, மறுகை தன் வீட்டுச் சுவரைக் காட்டியது.

"கொத்தனாரே, எனக்க வீட்டுச் சுவர்ல கை நுழையும்படியா வெடிச்சிருக்கு. அஸ்திவாரத்துல சிமெண்டக் கொறச்சுப் போட்டீரா?"

முப்பத்தைந்து வருடத்தில் அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அன்று முழுவதும் கிளாராவைத் தண்ணீர் நிரப்பிய டியூப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையைத் தான் பிடித்து, தெருத்தெருவாக நீர்மட்டம் பார்த்தார். அவர் கட்டிய வீடு, அவர் கட்டாத வீடு, அவருடைய தாத்தா பிறப்பதற்கு முன்பே கட்டிய சூசையப்பர் கோவில், எல்லாமே ஒரே பக்கம், ஒரே அளவில் சரிந்திருந்தன. மீன் இறக்கும் துறையில் பத்துப் படி உண்டு. கடல் ஓதம் ஏறும்போது கீழிருந்து மூன்றாம் படிவரைக்கும் வெள்ளம் வரும். இப்போது எட்டாம் படி நனைந்திருந்தது.

"வீடு சரியல்ல ஏட்டி," என்றார் ததேயுஸ், படியில் உட்கார்ந்து. "ஊரே தாழுது."

இருவரும் கடலைப் பார்த்தார்கள். இராஜாக்கமங்கலத்துக்கும் முட்டத்துக்கும் நடுவே, கரையிலிருந்து பார்த்தால் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு இரும்பு மேடை தெரிந்தது. தென்கரை எரிவாயு நிறுவனம் ஒன்பது வருடமாக அங்கே வாயு எடுக்கிறது. கிணறு நிற்பது கடலில். ஆனால் குழாய் பூமிக்குள் சாய்ந்து வந்து, சூசைத்துறைக்கு அடியில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் முடிகிறது. இது ஊருக்குத் தெரியும். நிறுவனமே திறப்புவிழாவில் படம் போட்டுக் காட்டி, லட்டும் கொடுத்திருந்தது.

இந்த மாதிரிக் காரியங்களைக் கவனிக்க அரசாங்கம் ஒரு ஆணையம் வைத்திருந்தது. நில மட்ட ஆய்வு மற்றும் ஆறுதல் ஆணையம் என்று அதற்குப் பெயர். ததேயுஸ் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி மனு கொடுத்தார். ஆய்வுக்கு ஒரு சன்னலும் ஆறுதலுக்கு ஒரு சன்னலும் இருந்தன. ஆய்வு முடிந்த சீட்டு இல்லாமல் ஆறுதல் சன்னலுக்குப் போகக்கூடாது. ஆறுதல் தேவை என்று சான்று இல்லாமல் ஆய்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. நான்கு தடவை இரண்டு சன்னலுக்கும் நடுவே நடந்தபின், ஐந்தாவது தடவை ஒரு கடைநிலை ஊழியர் இரக்கப்பட்டு, இரண்டு மனுவையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் நீட்டச் சொன்னார். அப்படித்தான் செய்ய வேண்டுமாம். அது யாருக்கும் தெரிவதில்லையாம்.

ஒரு மாதம் கழித்து ஆணையச் செயலர் ராஜகுமார் நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட். அவர் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் அப்படியே கோப்பில் ஏறத் தயாராக இருக்கும். கோவில் முற்றத்தில், அரசு நட்ட மட்டக்கல் ஒன்று உண்டு. அதன் தலையில் பித்தளைக் குமிழ். ராஜகுமாரின் ஆட்கள் முக்காலியில் கருவியை ஏற்றி, மட்டக்கல்லிலிருந்து ததேயுஸின் வீட்டு வாசல்வரை அளந்தார்கள். ராஜகுமார் குறிப்பேட்டைப் பார்த்தார்.

"பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மட்டக்கல்லைவிட உங்கள் வாசல் இருபது சென்டிமீட்டர் உயரம். இன்றும் இருபது சென்டிமீட்டர். தாழ்வு பூச்சியம். மகிழ்ச்சி."

ததேயுஸுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் தலையைச் சொறிந்தார். "சாரே, வீடு தாழ்ந்தா கல்லும் கூடத்தான தாழும்? ரெண்டும் ஒரே மண்ணுலல்லா நிக்குது."

"மட்டக்கல் தாழாது."

"தாழ்ந்திருக்கு சாரே. படியப் பாருங்க. எட்டாம் படி..."

"பெரியவரே, எல்லாவற்றையும் எதிலிருந்து அளக்கிறோமோ அதுதான் மட்டக்கல். அது தாழ்ந்தால் அது மட்டக்கல் அல்ல. ஆனால் அது மட்டக்கல் என்று அரசிதழில் இருக்கிறது. எனவே தாழவில்லை."

ததேயுஸ் அதோடு விட்டிருக்கலாம். கொத்தனாருக்கு மட்டம் என்பது மதத்துக்கு அடுத்தபடி. "அப்பம் முட்டம் பாறையில இருந்து அளந்து பாருங்க. கலங்கரை விளக்கு நிக்கிய பாறை. அது தாழாது."

ராஜகுமார் அவரை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "முட்டம் கல்குளம் தாலுகா. இது அகஸ்தீஸ்வரம் தாலுகா. ஒரு தாலுகாவின் உயரத்தை இன்னொரு தாலுகாவில் பயன்படுத்த முடியாது."

போகும்போது அவர் காலை ஜாக்கிரதையாக வைத்து நடந்தார். முற்றத்தில் கணுக்கால் அளவு கடல் நின்றிருந்தது.

ஆனி மாத அமாவாசை ஓதத்தில் பதினாறு வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. பானையும் பாத்திரமும் மிதந்தன. ஜெஸ்பினுக்கு வலி எடுத்தபோது ஆட்டோ தெருவுக்குள் வர முடியாமல், நான்கு பேர் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். பிள்ளை ரோட்டில் பிறந்தது. பெண்கள் இராஜாக்கமங்கலம் சாலையில் உட்கார்ந்து மறித்த பிறகு, ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றை அறிவித்தது.

கூட்டம் கோவில் மண்டபத்தில் நடந்தது. அதிகாரிகள் மேடைமேல். மக்கள் கீழே, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரைக்கும் வெள்ளத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள் மிதந்து நகர்ந்துகொண்டிருந்ததால், பேச எழுந்தவர் திரும்ப உட்காரும்போது வேறொருவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. பின்னால் வந்த கூட்டக் குறிப்பில், பொதுமக்கள் மரியாதையுடன் காலணி இன்றி வந்திருந்தனர் என்றும் கூடத்தில் போதிய தண்ணீர் வசதி இருந்தது என்றும் எழுதியிருந்தது.

நிறுவனத்தின் பாறை நிபுணர் டாக்டர் ஜெப்சன் முதலில் பேசினார். நாகர்கோவில்காரர். வெளிநாட்டில் படித்தவர். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. உருளையாக வெட்டி எடுத்த ஒரு சாம்பல்நிறக் கல்லை மேசைமேல் வைத்து, அதன்மேல் தண்ணீரை ஊற்றினார். கல் சத்தமில்லாமல் குடித்தது.

"இது இந்த ஊருக்கு அடியில இருக்கிய மணல்பாறை. பாத்தா கல்லு. ஆனா நாலுல ஒரு பங்கு வெறும் துளை. அந்தத் துளைக்குள்ளதான் வாயு அழுத்தமா அடஞ்சு கெடந்துச்சு. மேல உள்ள ரெண்டு கிலோமீட்டர் மண்ணுக்க கனத்த, மணல் பாதி வாயு பாதிண்ணு வச்சுக்கிடுங்க, ரெண்டும் சேந்து தாங்கிச்சு. இப்ப நாங்க வாயுவ எடுத்தாச்சு. கனம் முழுக்க மணல் மேல வந்துட்டு. மணல் நெருங்கும். சில மணல்மணி நொறுங்கும். பாறை அமுங்கும். ரொம்ப அழகான ஒரு விஷயம் இது."

"அமுங்கினது திரும்பப் பொங்குமா சார்?" என்று கேட்டாள் கிளாரா.

"பொங்காதும்மா. நொறுங்கினது நொறுங்கினதுதான். வாயு எடுக்கியத நிறுத்தினாலும் கொஞ்ச வருஷத்துக்கு அமுங்கிட்டேதான் இருக்கும்."

"இது வாயு எடுக்கதுக்கு முன்ன தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாம என்ன? முதல் வருஷப் பாடப்புத்தகத்துலயே உண்டு," என்றார் ஜெப்சன், படித்தவருக்கே உரிய வெட்கம் கலந்த பெருமையோடு.

ததேயுஸ் கையைத் தூக்கினார். அவருக்குக் காது சூடாகியிருந்தது. ஊர் ஏன் தாழ்கிறது என்று அவருக்கு இப்போதுதான் முழுசாக விளங்கியது. விளங்கியதும், தன்மேல் பழி இல்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது.

"சாரே, நான் கொத்தனாராக்கும். வார்ப்பு போடும்போ அடியில பலகை அடிச்சு முட்டுக் குடுப்போம். சிலாப் இறுகுமுன்ன ஒருத்தன் வந்து முட்டைப் பிடுங்கிட்டுப் போனா, சிலாப் விழும். அப்பம் குத்தம் யாருக்கு? முட்டைப் பிடுங்கினவனுக்கா, சிலாப்புக்கா? இவுங்க எடுத்தது வாயு இல்ல. எங்களுக்க ஊருக்கக் கீழ நின்ன முட்டு."

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. வெள்ளம் அலையடித்தது. ஜெப்சன்கூட, "கரெக்டாச் சொன்னாரு," என்று முணுமுணுத்தார்.

ராஜகுமார் கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு ஒலிபெருக்கியைத் தன் பக்கம் திருப்பினார்.

"கொத்தனார் மிகச் சிறப்பான உதாரணம் சொன்னார். ஆணையம் அதை ஏற்கிறது. முட்டு யாருடையது? உரிமம் பெற்ற நிறுவனத்துடையது. தன் பொருளைத் தான் எடுப்பது குற்றமாகாது. அப்படியானால் பாறையை அமுக்கியது எது? டாக்டரே சொன்னார், மேலே உள்ள பாரம். வாயு யாரையும் அமுக்கவில்லை. அது வெளியே போய்விட்டது. வெளியே போனவர்மேல் விசாரணை நடத்துவது மரபல்ல. மேலே இருப்பவர்கள் யார் என்று பார்க்க வேண்டும்."

மேலே இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மேலே ரெண்டு கிலோமீட்டர் மண்ணுல்லா சார் இருக்கு?" என்றார் ததேயுஸ்.

"மண் இயற்கை. இயற்கைக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது."

பத்து நாளில் ஆணை வந்தது. கோவில் கதவில் ஒட்டினார்கள். பொதுமக்களின் பாரமே நில அமிழ்வுக்கு உடனடிக் காரணம் என்று ஆணையம் கண்டறிந்திருந்தது. ஊரின் எடையைக் கணக்கெடுத்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அனுமதிக்கப்பட்ட பாரம் நிர்ணயிக்கப்படும். அதற்கு மேற்பட்ட பாரத்தை முப்பது நாளுக்குள் குறைத்தவர்களுக்கு மட்டுமே மேட்டுநிலத்தில் மாற்று மனை. ஆணையின் ஏழாம் பத்தியில் ததேயுஸின் பெயர் இருந்தது. நாற்பத்துமூன்று கட்டடங்களை நிலத்தின்மேல் ஏற்றிய முதன்மைப் பாரகர்த்தா என்று அவரைக் குறிப்பிட்டிருந்தார்கள். ஆணையின் தலைப்பில், மக்களின் நம்பிக்கையை மதித்து, 'பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே, எல்லாரும் என்னிடம் வாருங்கள்' என்ற விவிலிய வசனம். அதன் கீழே அலுவலக நேரம் பத்து மணி முதல் ஐந்து முப்பது வரை.

ஊருக்குக் கோபப்பட ஒரு பெயர் தேவைப்பட்டது. நிறுவனம் தூரத்தில் கட்டைவிரல் அளவில் இருந்தது. ஆணையம் நாகர்கோவிலில் இருந்தது. ததேயுஸ் தெருவில் இருந்தார். யாரும் அடிக்கவில்லை. ஆனால் டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. ஒருநாள் ஜெஸ்பின் கைக்குழந்தையோடு வந்து, திட்டக்கூட இல்லாமல், "கீழ்த்தளத்தோட நிறுத்தியிருக்கலாம்லா கொத்தனாரே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மாடி கேட்டு அடம்பிடித்தவள் அவள்தான்.

கணக்கெடுக்க வந்தவள் பெயர் அஜிஷா. கீரிப்பாறையில் ரப்பர் வெட்டும் குடும்பத்துப் பெண், எஞ்சினியரிங் முடித்துவிட்டு ஒப்பந்த வேலையில் இருந்தாள். கையில் டேப்லெட், பின்னால் வேனில் ஒரு பெரிய தராசு. சுவரை நீளம் அகலம் பார்த்து எடை போட்டாள். தண்ணீர்த் தொட்டியை நிறைந்ததாகவே கணக்கில் எடுத்தாள். வலை, நனைந்த வலை என்று இரண்டு பத்தி. மனிதர்களைத் தராசில் ஏற்றினாள். ஜெஸ்பினின் குழந்தை மூன்று கிலோ நூறு. அதற்கு எதிரே 'வளரும் பாரம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறு ஆய்வு' என்று எழுத வேண்டியிருந்தது. சூசையப்பர் சுரூபத்தை எடை போடக் கூடாது என்று பெண்கள் தடுத்தார்கள். விதிப்புத்தகத்தைப் புரட்டியதில், புனிதர்களுக்கு விலக்கு இருந்தது, அவர்கள் கையில் இருக்கும் பொருளுக்கு இல்லை. சூசையப்பர் கையிலிருந்த லில்லிப்பூவை மட்டும் கழற்றி எடை போட்டாள்.

"கடல்ல நிக்கிய இரும்பு மேடையும் கனம்தானே மக்களே? அதுக்கு என்ன எழுதுவ?" என்று மகளைக் கேட்பதுபோல அவளிடம் கேட்டார் ததேயுஸ்.

அஜிஷா தலையைக் குனிந்துகொண்டாள். "அது தண்ணியில இருக்கதால மிதக்குதுண்ணு எடுக்கணும் மாமா. விதி அப்பிடி."

"இப்பம் கோவிலுக்கப் பக்கத்துல ஒங்க ஆணையத்துக்குக் கண்காணிப்பு ஆபீஸ் கட்டுதாங்களே, மூணு மாடி?"

"அரசுக் கட்டடத்துக்கு எடை கெடையாது மாமா. பயன்பாடு மட்டும்தான் உண்டு."

ததேயுஸ் சிரித்துவிட்டார். அவர் சிரித்துப் பல மாதமாகியிருந்தது. அஜிஷாவும் சிரித்தாள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு. அவர் வீட்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது அவளுக்கே சந்தோஷம். "மாமா, உங்க வீடு சரியா வரம்புல நிக்குது. ஒரு கிலோ கூடவும் இல்ல, கொறயவும் இல்ல. நீங்க ஒண்ணும் இடிக்காண்டாம்."

மற்ற வீடுகளில் இடிப்பு தொடங்கியது. கட்டிய கையாலேயே இடிக்க வரச்சொல்லி ஆணையம் அவரைக் கூப்பிட்டது. ஊரும் கூப்பிட்டது, தாறுமாறாக இடித்தால் கீழ்த்தளமும் போய்விடும் என்று. ததேயுஸ் போகவில்லை. "கட்டுனத இடிக்கதுக்கு எனக்கு ஆரும் படிச்சுத் தரல்ல," என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் வெள்ளத்தில் காலை வைத்து உட்கார்ந்திருந்தார். வெளியூர் ஆட்கள் வந்து சம்மட்டி போட்டார்கள். அவர் பூசிய சுவர்கள் லேசில் உடையவில்லை. ஒவ்வொரு அடியும் அவர் வீட்டுத் தரையில் கேட்டது.

வீடுகள் முடிந்து கணக்கெடுப்பு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது. மண்ணின்மேல் இருப்பது மட்டுமல்ல, மண்ணுக்குள் இருப்பதும் பாறைக்கு மேலேதானே என்று ஆணையம் கூர்மையாக யோசித்திருந்தது. ஒரு கல்லறைக்கு ஒரு உடல், ஒரு உடலுக்கு அறுபத்தைந்து கிலோ என்று நிலையான அளவு. குடும்பத்தின் கல்லறைப் பாரம் குடும்பக் கணக்கில் சேரும். அஜிஷா பெயர்களை வாசித்து வாசித்து எழுதிக்கொண்டே வந்தாள். தெற்கு மூலையில் வெள்ளை ஓடு பதித்த ஒரு கல்லறைமுன் நின்றாள். கல்லில், 'ரிஜோ, த/பெ ததேயுஸ், வயது 24' என்று இருந்தது.

ரிஜோ அவர்களுடைய ஒரே மகன். ஆறு வருடத்துக்குமுன் ஒரு புயலில், ஆறு பேர் போன வள்ளத்தில் போனான். ஆறு பேரும் வரவில்லை. உடலும் வரவில்லை. உடல் இல்லாமல் இறப்புச் சான்று தர முடியாது, ஏழு வருடம் ஆகட்டும் என்று தாலுகா ஆபீஸ் சொல்லிவிட்டது. அரசாங்கக் கணக்கில் அவன் காணாமல் போனவன். வருடத்துக்கு ஒருமுறை காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து, மகன் திரும்பி வந்தானா என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார். கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுதிரியோடு போகும்போது கிளாராவுக்கு மட்டும் போக இடமில்லை. இரண்டு வருடம் பார்த்துவிட்டு, ததேயுஸ் அந்தக் கல்லறையைக் கட்டினார். உள்ளே அவனுடைய ஒரு சட்டையும் பந்தாட்டக் காலணியும்தான் இருந்தன.

"மக்களே, இதுல ஆளில்ல," என்றார் ததேயுஸ். "வெறும் கட்டடம். ஓட்டுக்கும் செங்கலுக்கும் மட்டும் எழுது."

"ஐயோ மாமா, நான் உடல் ஒண்ணுண்ணு போட்டுட்டேன். ஓடும் செங்கலும் சில்லறைதான், அதைக் கழிவுக் கணக்குல தள்ளிரலாம். உடலை எடுத்துட்டா நீங்க வரம்புக்குள்ளயே நிப்பிய. இல்லேண்ணா அறுபத்தஞ்சு கிலோ கூடிரும். இரிங்க, அழிச்சுருதேன்."

"அழிக்காத."

கிளாரா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் வந்தது இருவருக்கும் தெரியவில்லை.

"என்ன எழுதியிருக்க மோளே? வாசி."

அஜிஷா தயங்கித் தயங்கி வாசித்தாள். "கல்லறை எண் நூற்றுப்பதினெட்டு. ரிஜோ, தகப்பனார் பெயர் ததேயுஸ். உடல், ஒன்று. சூசைத்துறை நிலத்தில் உள்ளது."

"இன்னொருக்கா வாசி."

வாசித்தாள். கிளாரா கல்லறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு வருஷமா எத்தன ஆபீஸ் ஏறி இறங்கினேன். எம்பிள்ள எங்க இருக்காண்ணு ஒரு சர்க்காரும் ஒரு பேப்பர்ல எழுதித் தரல்ல. இப்பம் இவ எழுதியிருக்கா. இந்த மண்ணுல இருக்காண்ணு. எழுதினது எழுதினதா இருக்கட்டு."

"ஏட்டி, அது பொய்யாக்கும்," என்றார் ததேயுஸ் மெதுவாக.

"இவங்க எழுதினதுல எது மெய்? கல்லு தாழல்லண்ணு எழுதினது மெய்யா? மேடை மிதக்குதுண்ணு எழுதினது மெய்யா? நீரு ஊரத் தாழ்த்தினீருண்ணு எழுதினது மெய்யா? அவ்வளவு பொய் எழுதினவங்க எனக்காக ஒரு பொய் எழுதட்டு."

அஜிஷா டேப்லெட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அழிக்காமல் பையில் வைத்தாள்.

மறுநாள் ராஜகுமார் ததேயுஸைக் கூப்பிட்டு அனுப்பினார். மூன்று மாடி அலுவலகத்தில் பூச்சு ஈரம் காயவில்லை. அதற்குள் வடக்குச் சுவரில் ஒரு வெடிப்பு மேலிருந்து கீழே வந்திருந்ததைக் கொத்தனாரின் கண் பார்த்துவிட்டது.

"அறுபத்தைந்து கிலோ கூடுதல்," என்றார் ராஜகுமார். "மாற்று மனை கிடைக்காது. ஆனால் எளிய வழி இருக்கிறது. கல்லறை காலியானது என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம். உங்கள் மகன் அங்கே இல்லை என்று நீங்களும் மனைவியும் கையெழுத்துப் போட்டால் போதும். நான் உங்கள் நன்மைக்குச் சொல்கிறேன். இல்லாத ஒருவருக்காக கிடைக்க இருக்கிற மனையை இழக்காதீர்கள்."

"வேற வழி?"

"அந்த அளவு பாரத்தை வேறு இடத்தில் குறைக்க வேண்டும். இடித்ததைக் கொண்டுவந்து இங்கே எடை போட்டுக் காட்ட வேண்டும்."

ததேயுஸ் வீட்டுக்கு வந்தார். பரணிலிருந்து சம்மட்டியை எடுத்தார். மொட்டைமாடி ஏறி, கைப்பிடிச் சுவரின் தெற்கு மூலையில் நின்றார். அந்த மூலையில் ரிஜோ சாய்ந்து நின்றுதான் கடலில் வள்ளங்களை எண்ணுவான். வேறு மூலையில் இடித்திருக்கலாம். அவர் அங்கேதான் முதல் அடியைப் போட்டார். ஊருக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. ஆனால் கொத்தனார் வீட்டிலிருந்து வருகிறது என்றதும் ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஜெஸ்பின் குழந்தையைத் தன் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உடைந்த செங்கல்லைச் சாக்கில் அள்ள வந்தாள். அவர் வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை.

நான்கு சாக்கையும் மீன் ஏலக்கூடத்துத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். அறுபத்தாறு.

"போதும் கொத்தனாரே, ஒரு கிலோ கூடத்தான் இருக்கு," என்றாள் ஜெஸ்பின்.

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்ப மாடிக்குப் போனார். இன்னும் இரண்டு கல்லை உடைத்துக் கொண்டுவந்தார். தராசைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து வெளியே போட்டார். திரும்பவும் பார்த்தார். பிறகுதான் சாக்கைக் கட்டினார்.

ஆணைய அலுவலகத்துக்குக் கிளாராவும் கூட வந்தாள். அஜிஷா தராசைப் பார்த்துச் சொன்னாள், "எழுபத்தொண்ணு சார்."

ராஜகுமார் எட்டிப் பார்த்தார். "விதிப்படி அறுபத்தைந்து போதும். ஆறு கிலோ கூடுதலாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள். திருப்பி எடுத்துச் செல்லலாம்."

"எடுக்காண்டாம் சாரே. இருக்கட்டு."

"அதற்குப் பதிவேட்டில் இடமில்லை பெரியவரே. ஒரு உடலுக்கு அறுபத்தைந்துதான்."

"உங்க உடலுக்கு இருக்கும்," என்றார் ததேயுஸ். "எம்பிள்ள கல்ஃபுக்குப் போகதுக்கு மெடிக்கல் எடுத்தப்பம், நான்தான் கூடப் போனேன். எழுபத்தொண்ணு இருந்தான்."

ராஜகுமார் இன்னொரு முறை தராசைப் பார்த்தார். பிறகு அறுபத்தைந்து என்று எழுதி, ரப்பர் ஸ்டாம்பை ஊதிப் போட்டார். அஜிஷா கல்லறைப் பட்டியலின் நகலில் நூற்றுப்பதினெட்டாம் எண் வரும் பக்கத்தை மட்டும் பிரித்து, அதிலும் ஒரு முத்திரை குத்தி, கிளாராவின் கையில் கொடுத்தாள்.

வெளியே ஓதம் ஏறியிருந்தது. தெருவில் முழங்கால் அளவு வெள்ளம். ததேயுஸ் காலால் தரையைத் தடவித் தடவி முன்னால் நடந்தார். கிளாரா அந்தத் தாளை நனையாமல் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் பின்னால் போனாள்.